பழகிப்போன எச்சரிக்கை

ஒரே தூண்டல், நன்மையோ தீமையோ எதையும் கொண்டுவராமல், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் உயிர்கள் அதற்குக் காட்டும் எதிர்வினை படிப்படியாகக் குறைகிறது. காலையில் கட்டிய கைக்கடிகாரம் சில நொடிகள் உறுத்தும். பிறகு அது கையில் இருப்பதே தெரிவதில்லை. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்தவர்கள் முதல் சில வாரங்கள் தூக்கம் கெட்டுத் தவிக்கிறார்கள். ஓராண்டு போனால், நள்ளிரவு ரயிலுக்குத் திடுக்கிட்டு எழுவது வந்து தங்கும் விருந்தாளி மட்டும்தான். உளவியலும் நரம்பியலும் இதைப் பழகிப்போதல் என்று கொண்டு ஆராய்கின்றன. கற்றலின் வடிவங்களில் இதுவே மிக எளியது, மிகத் தொன்மையானதும்கூட. ஒற்றைச் செல் உயிரிகளிடமே இது உண்டு.

இதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. களைத்த தசை எந்தத் தூண்டலுக்கும் சரியாக வேலை செய்யாது. பழகிப்போன உயிரோ, பழகிய அந்த ஒன்றுக்கு மட்டும்தான் அசையாது. புதிதாக ஒன்று வந்தால் முழு வேகத்தில் விழித்துக்கொள்ளும். ரிச்சர்ட் தாம்ப்சன், ஆல்டன் ஸ்பென்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1966இல் எழுதிய கட்டுரை, அதுவரை சிதறிக் கிடந்த சோதனை முடிவுகளைத் திரட்டி இதற்கு இலக்கணம் வகுத்தது. தூண்டல் மென்மையாக இருந்தால் சீக்கிரம் பழகிப்போகும். அடுத்தடுத்து வந்தாலும் சீக்கிரம் பழகிப்போகும். சில காலம் நின்றுபோனால் பழைய கூர்மை தானாகத் திரும்பும். ஆனால், மறுபடி தொடங்கினால் முன்பைவிட வேகமாக மழுங்கும். இடையில் வலுவான வேறொரு தூண்டல் குறுக்கிட்டால், மழுங்கியிருந்த உணர்வு சட்டென்று உயிர்பெறும். ஆய்வுக்கூடத்து விலங்குகளை வைத்துக் கண்டறிந்த இந்த விதிகள் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

உடலுக்குள் இந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டியவர் நரம்பியலாளர் எரிக் காண்டெல். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கடல் முயல் என்ற கடல் நத்தை வகையை. அதன் நரம்பணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. அவற்றில் சில வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே போனால், பத்தாவது முறை அரைகுறையாகத்தான் இழுக்கும். நரம்பணுக்களில் மின்முனையைச் செருகிப் பார்த்தபோது, தொடுகையை உணரும் நரம்பணு வழக்கம்போலவே மின்துடிப்பை எழுப்பியது தெரிந்தது. செவுளை இழுக்கும் நரம்பணுவுக்கு அது வெளிவிடும் வேதிப்பொருளின் அளவுதான் குறைந்திருந்தது. செய்தி வந்து சேர்கிறது, மேலே கடத்தப்படுவதில்லை. பத்துப் பத்துத் தொடுகைகளாக நான்கு அமர்வுகள் நடத்தினால் இந்த மழுக்கம் மூன்று வாரம்வரை நீடித்தது. அந்த நிலையில் இணைப்புகளே அற்றுப்போயிருந்தன: பழக்கப்படாத விலங்குகளில் பத்துக்கு ஒன்பது இணைப்புகள் வேலை செய்ய, நெடுநாள் பழக்கப்பட்டவற்றில் பத்துக்கு மூன்றுதான் மிஞ்சின. நினைவு நரம்புகளில் எப்படிப் பதிகிறது என்பதைக் காட்டிய இந்தப் பணிக்காகக் காண்டெல் 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த ஏற்பாடு மட்டும் இல்லாவிட்டால், உடுத்திய துணியின் உரசலும் மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் போகும் ஒவ்வொரு வண்டியும் சேர்ந்து மனிதரை ஒரு வேலையும் செய்யவிடாது. பேச்சு வராத குழந்தைகளின் மனத்தை அறியவும் இது கருவியாகியிருக்கிறது. ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் குழந்தை கண்ணைத் திருப்பிக்கொள்ளும். வேறு படத்தைக் காட்டியதும் உற்றுப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால், திரும்பத் திரும்ப வரும் எல்லாமே மழுங்கிவிடுவதில்லை. அதே கடல் முயலின் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டால், அதன் பிறகு மெல்லிய தொடுகைக்கும் அது செவுளை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. வலியையும் அச்சத்தையும் கூட்டிவரும் தூண்டல்கள் உணர்வை மேலும் கூர்மையாக்குகின்றன. அடிவாங்கி வளரும் பிள்ளைக்கு அடி பழகிவிடும் என்று சொல்வது தவறு. அது காலடிச் சத்தத்துக்கே நடுங்கும் பிள்ளையாகிறது. குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்ந்து தப்பியவர்களின் உடல் பல ஆண்டுகள் கழித்தும் பட்டாசுச் சத்தத்துக்கு விறைத்துப்போகிறது. மழுங்குபவை எல்லாம், வந்தும் ஒன்றும் நேராமல் போனவைதான். எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த வகையில்தான் சேர்கின்றன என்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

மூக்கு கைவிடும் இடம்

புலன்களில் வெகு சீக்கிரம் மழுங்குவது முகர்வு. மீன் சந்தைக்குள் நுழைந்தவருக்குச் சில நிமிடங்களில் கவிச்சி தெரியாமல் போகிறது. அன்றாட வாழ்வில் இது உபகாரம். கழிவுநீர்த் தொட்டியின் வாயில் இதுவே உயிரை வாங்குகிறது. மலமும் கழிவும் காற்றில்லாமல் அழுகும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அழுகிய முட்டை நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொடர்ந்து சுவாசித்தால் நாற்றம் மங்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது நடப்பது வெறும் பழகிப்போதல் அல்ல; முகரும் நரம்பே சில நிமிடங்களில் செயலிழக்கிறது. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் எல்லையும் அதே 100தான். வாயு கொல்லத் தொடங்கும் கட்டத்தில் நாற்றம் நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து, இப்போது வாடை இல்லை என்று இறங்குகிறவர் தன் மூக்கை நம்பித்தான் இறங்குகிறார்.

முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் உள்ளேயே விழுவது இந்தச் சாவுகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் வந்த இன்னொரு சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் இத்தகைய மரணத்துக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு என்று தீர்ப்பளித்து, 2023 அக்டோபரில் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. சாவுகள் நிற்கவில்லை. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்ற தலைப்பு ஊர்ப் பெயர் மட்டும் மாறி நாளிதழின் உள்பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. இறப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள், ஒப்பந்தக்காரரிடம் அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர்கள். பழகிப்போதல் எல்லாருடைய மரணத்துக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. தன் வீட்டில் நடக்காது என்று படிப்பவர் உறுதியாக இருக்கும் மரணத்துக்கு அது முந்திக்கொண்டு வருகிறது.

மனம் பழகிவிட்டது என்பதால் உடலும் பழகிவிட்டது என்று கொள்ள முடியாது. விமான நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகில் வசிப்பவர்கள் இரைச்சலால் விழிப்பது நாளடைவில் குறைகிறது. ஆனால், தூக்கத்தில் ஒவ்வொரு பேரொலிக்கும் இதயத் துடிப்பு எகிறுவது பெரிதும் தொடர்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. எங்களுக்கு இது பழகிவிட்டது என்று மக்கள் சொல்வது, அந்த வரம்பைக் காற்றில் விடுவதற்கு ஒருபோதும் காரணமாகாது.

தேநீர் இடைவேளை வரை

1984 டிசம்பர் 2 இரவு, போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்தது. பத்தரை மணி வாக்கில் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. பதினொரு மணிக்கு 10 பவுண்டு. அரை மணியில் ஐந்து மடங்கு ஏறியும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்கு அது உறுத்தவில்லை. 2 முதல் 25 வரை எதுவானாலும் அங்கே வழக்கமான அளவுதான். பதினொன்றரை மணி அளவில் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது. கசிவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த ஆலையில் நடைமுறையில் நம்பியிருந்ததே இந்தக் கண்ணெரிச்சலைத்தான். கசியும் இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தேநீர் இடைவேளை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பன்னிரண்டேகாலுக்குத் தேநீர் வந்தது. ஒரு மணி ஆவதற்குள் முள் அழுத்தமானியின் உச்சியான 55ஐத் தொட்டுவிட்டது. பாதுகாப்பு வால்வு திறந்து நச்சுவாயு ஊருக்குள் பாய்ந்தது. தொழிலாளர்களிடம் பேசி நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1985 ஜனவரியில் வெளியிட்ட புலனாய்வு இந்த நேரவரிசையைப் பதிவுசெய்திருக்கிறது.

இதைத் தொழிலாளர்களின் அசட்டை என்று எழுதி முடிப்பது அநியாயம். கண் எரிவதும் சிறு கசிவும் அங்கே வாடிக்கையாக விடப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் வந்து, எதுவும் நேராமல் போய், கண்ணெரிச்சல் என்ற எச்சரிக்கையே செல்லாமல் போயிருந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். கசிந்த வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் அமைப்பு இயக்கத்தில் இல்லை. செலவைக் குறைப்பதற்காக மீதைல் ஐசோசயனேட் பிரிவின் ஆட்களைப் பாதியாக்கியிருந்தார்கள். 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளர் அங்கே இறந்திருந்தார். போபால் எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982இலேயே எழுதினார். அதுவும் பத்தோடு பதினொன்றாகப் போனது.

ஆலைக்கு வெளியே இருந்தவர்களின் நிலை இன்னும் கொடியது. ஒத்திகைக்கும் வேறு பல காரணங்களுக்கும் என வாரத்துக்குச் சுமார் 20 முறை ஆலையின் சங்கு ஒலித்துவந்ததாகவும், அன்றிரவு ஒலித்த சங்கை அவற்றிலிருந்து பிரித்தறிய வழி இல்லை என்றும் அதே புலனாய்வு சொல்கிறது. உடனடி மரணம் 2,259 என்பது முதல் அரசுக் கணக்கு. மத்தியப் பிரதேச அரசு பின்னர் 3,787 மரணங்களை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இப்படி ஒரு நிறுவனமே மழுங்கிப்போவதற்கு இலக்கணம் கண்டவர் டயான் வான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்ததற்குக் காரணம், பக்கவாட்டு ராக்கெட்டின் பகுதிகளுக்கு இடையில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், எரியும் வாயுவைத் தடுக்கத் தவறியது. அந்த வளையம் அரிக்கப்படவே கூடாது என்பதுதான் மூல வடிவமைப்பு. 1981இல் இரண்டாவது பயணத்திலேயே அரிப்பு தென்பட்டது. விண்ணோடம் பத்திரமாகத் திரும்பிவிட்டதால், இவ்வளவு அரிப்பு இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்தடுத்த பயணங்களில் கூடுதல் அரிப்பு தெரிந்தபோது ஏற்கத்தக்க அளவும் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு வெற்றியும், முன்பு பயமுறுத்திய ஒன்றைக் கொஞ்சம் வழக்கமாக்கியது. ஏவுவதற்கு முந்தைய இரவு ராக்கெட் நிறுவனத்தின் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. டயான் வானின் நூல் 1996இல் வந்தது. விதியை மீறிய கெட்டவர்களை அவர் அதில் தேடவில்லை. விதிப்படி, கூட்டம் போட்டு, குறிப்பெழுதி, நல்ல பொறியாளர்கள் சேர்ந்தே பேராபத்தைச் சகஜமாக்கியதை விவரித்தார். நூலைப் படித்தும் நாசா மாறவில்லை. எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு உதிர்வது பல பயணங்களில் பார்த்துப் பழகிய சமாசாரமாகிவிட்டதால், 2003இல் கொலம்பியா விண்ணோடத்தின் இறக்கையில் அது மோதியதும் பெரிதாகத் தெரியவில்லை. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று பார்த்தால் இதன் அன்றாட வடிவம் தெரியும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சொட்டுமருந்து என ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப் ஒலி. நோயாளி புரண்டு படுத்தால் ஒலி. விரலில் மாட்டிய கவ்வி நழுவினால் ஒலி. இந்த ஒலிகளில் 72 முதல் 99 விழுக்காடுவரை தவறானவை அல்லது எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்று பல ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. ஓடி ஓடிப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிய செவிலியருக்கு உண்மையான ஒலி தனித்துக் கேட்பதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன்வரை தனக்குத் தெரிவிக்கப்பட்ட 98 எச்சரிக்கையொலி சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்ததாக 2013இல் அறிவித்தது.

எண்ணாகிப்போன மரணங்கள்

துன்பத்தைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போவது இதன் வேறொரு கிளை. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1962இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டிலிருந்து பிழைத்தவர்களைச் சந்தித்துப் பேசினார். சுற்றிலும் கருகிய உடல்கள் கிடக்க, எதையும் உணராமல் நடந்துபோனதாகப் பலர் சொன்னார்கள். அந்த நேரத்து மரத்துப்போதல்தான் அவர்களைப் பித்துப்பிடிக்காமல் காத்தது. ஆனால், அது விலக வேண்டிய நேரத்தில் பலரை விட்டு விலகவில்லை. துயரத்தின் நடுவே சிக்கியவருக்கு இது கவசம். தொலைவில் உட்கார்ந்து செய்தி படிப்பவருக்கும் அதே கவசம் மாட்டிக்கொள்வதில்தான் சிக்கல்.

2020 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரையில் நிகழ்ந்தபோது மாநிலமே அதைப் பேசியது. 2021 மே மாதத்தின் பிற்பகுதியில் ஒரே நாளில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசின் மாலை அறிக்கை சொன்னது. நேற்றையதைவிடக் கூடவா குறைவா என்பதுதான் அப்போது கேள்வியாக இருந்தது. சாலை மரணங்களுக்கு அந்தக் கேள்விகூட எழுவதில்லை. 2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. மணிக்கு 19 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ஒரே நாளில் ஒரே இடத்தில் இத்தனை பேர் இறந்திருந்தால் நாடே நின்றுபோயிருக்கும். நாள்தோறும், ஊர்தோறும், இருவர் மூவராக இறப்பதால் அது வானிலை அறிக்கைபோலப் படிக்கப்படுகிறது.

மரத்த மனம் அவ்வப்போது விழித்துக்கொள்ளவும் செய்கிறது. சிரியப் போரில் லட்சக்கணக்கானோர் இறந்த பிறகும் அசையாத உலகம், 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய ஆலன் குர்தி என்ற சிறுவனின் படத்தைக் கண்டு பதறியது. அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதிக்கு அடுத்த ஒரு வாரத்தில் நாளொன்றுக்கு வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை முன்பைப் போல நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்ததாக, உளவியலாளர் பால் ஸ்லோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் எழுதினார்கள். ஆறு வாரங்களுக்குள் அந்த வேகம் வடிந்துவிட்டது. தாம்ப்சனும் ஸ்பென்சரும் 1966இல் வகுத்த இலக்கணம் சொல்வதும் இதுதான்: வலுவான புதிய தூண்டல் விழிக்க வைக்கும்; திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் மழுங்கும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொடூரமான படத்தைக் காட்டி மக்களை எழுப்பிவிடலாம் என்று நம்பும் தொலைக்காட்சிகள், அடுத்த முறைக்கான வாசலைத் தாங்களே உயர்த்திவைக்கின்றன.

மெல்ல நடக்கும் மாற்றங்களுக்கு இப்படி ஒரு விழிப்புகூடக் கிடைப்பதில்லை. தன் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று ஒவ்வொரு தலைமுறை மீன்வள அறிஞரும் வைத்துக்கொள்வதால், மீன்வளம் எவ்வளவு வற்றிப்போயிற்று என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது என்று கடல் உயிரியலாளர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். வெப்பநிலைக்கு இந்தக் கணக்கு இன்னும் குறுகியது. அமெரிக்காவில் 200 கோடிக்கும் அதிகமான ட்விட்டர் பதிவுகளை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, கடந்த இரண்டு முதல் எட்டு ஆண்டுகளின் வானிலையைத்தான் மக்கள் ‘வழக்கமான வெயில்’ என்று கொள்கிறார்கள் என்று காட்டியது.

மருந்தாகும் மழுக்கம்

இதே இயல்பைத் தெரிந்து பயன்படுத்தினால் அது மருந்தாகிறது. முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனை உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் குணப்படுத்தினார்: அவன் விரும்பிய தின்பண்டத்தைச் சாப்பிடும்போது கூண்டு முயலை அறையின் கோடியில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தி, கடைசியில் அவனே அதைத் தொட்டு விளையாடும்படி செய்தார். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் இதை முறைப்படுத்தினார். உயரம், நாய், கூட்டம், விமானம் என எதன்மீதான அச்சத்துக்கும் இன்று உளவியலாளர்கள் கையாளும் சிகிச்சைகளுக்கு அடிப்படை இதுவே. ஒவ்வாமையிலும் இதற்கு இணையான வழி உண்டு. மருத்துவர் லியோனார்ட் நூன் 1911இல் லண்டனில் புல்லின் மகரந்தச் சாற்றை மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசிவழி செலுத்தி, தும்மலில் தவித்தவர்களைத் தேற்றினார். அங்கே மாறுவது நரம்பல்ல, நோயெதிர்ப்பு மண்டலம். செய்முறை மட்டும் ஒத்திருக்கிறது. ஆந்திரக் காரத்தைச் சிறு வயது முதல் உண்டவர் கண் கலங்காமல் சாப்பிடுவதும் இந்த இனம்தான். வெந்நீரின் சூட்டை உணரும் அதே ஏற்பியில்தான் மிளகாயின் காப்சைசின் போய் ஒட்டுகிறது. அடிக்கடி ஒட்டினால் அந்த நரம்பு முனை சோர்ந்துவிடும். மூட்டுவலிக்குத் தடவும் காப்சைசின் களிம்பு வேலை செய்வது இப்படித்தான்.

வலியைக் கண்டு பதறாமல் இருப்பதும் மருத்துவத்துக்கு வேண்டும். ஊசி குத்தும் காட்சியைப் பார்த்தபோது, அக்குபங்சர் மருத்துவர்களின் மூளையில் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் மற்றவர்களுக்குத் தூண்டப்படும் அளவு தூண்டப்படவில்லை என்று தைவானில் நடந்த ஆய்வு ஒன்று 2007இல் கண்டது. கை நடுங்கும் அறுவை மருத்துவரால் யாருக்கும் பயனில்லை. ஆனால், கத்தி பிடிக்கும் கைக்கு வேண்டிய இந்த மழுக்கம், நோயாளியின் வீட்டாரிடம் பேசும் நாக்குக்கும் பரவிவிடக் கூடாது. மருத்துவக் கல்வி முதலாவதைத் தானாகவே ஊட்டிவிடுகிறது. இரண்டாவதைத் தடுக்கத் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கிறது.

உணர்வை நம்பாத ஏற்பாடுகள்

பழகிப்போவது உடலின் இயல்பு என்பதால், விழிப்போடு இருங்கள் என்று சுவரில் எழுதிவைப்பதால் பயன் ஒன்றும் இல்லை. அந்த வாசகமும் ஒரு வாரத்தில் கண்ணில் படாமல் போகும். மனித உணர்வு மழுங்கும் இடங்களில் மழுங்காத ஒன்றை வைப்பதே உருப்படியான வழி. கழிவுநீர்த் தொட்டியின் அருகில் மூக்குக்குப் பதிலாக வாயு அளவி. அதைவிட மேலானது, ஆளை இறக்கவே தேவையில்லாத இயந்திரம். திருவனந்தபுரத்தில் 2018இல் பயன்பாட்டுக்கு வந்த பேண்டிகூட் என்ற இயந்திர மனிதன் ஆள்நுழைவுக் குழிகளில் இறங்கி அடைப்பெடுக்கிறது. இருக்கும் கருவியை வாங்காமல் ஆளை இறக்கும் உள்ளாட்சியும் ஒப்பந்தக்காரரும் தெரிந்தே செய்கிறார்கள். அதைப் பழக்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

எச்சரிக்கைகளைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். பாஸ்டன் மருத்துவ மையத்தின் இதயநோய்ப் பிரிவு ஒன்றில், செவிலியர் எதுவும் செய்யத் தேவையில்லாத ஒலிகளை நீக்கி, மீதமுள்ளவற்றின் வரம்புகளை நோயாளிக்கேற்பத் திருத்தினார்கள். வாரத்துக்கு 88 ஆயிரத்தை நெருங்கிய ஒலிகள் பத்தாயிரத்துக்கு இறங்கின. நோயாளிகளுக்கு அதனால் கேடு எதுவும் வரவில்லை. மிஞ்சிய ஒலி கேட்டதும் செவிலியர்கள் எழுந்து போனார்கள். புகையிலைப் பொருள்களின் உறையில் 2016 ஏப்ரல் முதல் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்க வேண்டும் என்ற இந்திய விதி, அந்தப் படத்தை 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும் சொல்கிறது. எவ்வளவு கோரமான படமும் ஓராண்டில் வெறும் அட்டைப்பெட்டிச் சித்திரமாகிவிடும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆலைகளில் இதற்கு ஈடான வழி, அங்கே வேலை செய்து பழகாத கண்களைக் கொண்டு தணிக்கை நடத்துவது. அந்தத் தணிக்கையாளருக்குச் சம்பளம் தருவது அந்த ஆலையாக இருக்கக் கூடாது.

சாலை மரணங்களுக்கு ஸ்வீடன் எடுத்த வழி இவற்றைவிட விரிந்தது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது என்ற கொள்கையை அந்நாட்டு நாடாளுமன்றம் 1997 அக்டோபரில் ஏற்றது. அது முதல் அங்கே சாலையில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே, இடத்துக்கே போய், சாலைத் துறை ஆராய்கிறது. வளைவின் கோணம், தடுப்பின் உயரம், இடதும் வலதும் நிற்கும் மரங்கள், வண்டியின் வேகம் எல்லாம் அதில் பதிவாகின்றன. யார்மீது வழக்கு என்பது காவல்துறையின் வேலை. இந்த விசாரணையின் வேலை, அதே இடத்தில் அடுத்தவர் சாகாதிருக்க எதை மாற்றுவது என்று சொல்வது. எதிரெதிர் மோதல்கள் மிகுந்த நெடுஞ்சாலைகளின் நடுவே கம்பித் தடுப்புகள் வந்தது இப்படித்தான். 1997இல் ஸ்வீடனின் சாலைகளில் 541 பேர் இறந்தார்கள்; 2022இல் 227 பேர்.